வயது தெரிந்தால்தான் எடை

எங்கள் வீட்டில் இரண்டு பேரின் எடை சரியாகத் தெரியாமல் தவித்த காலம் ஒன்று இருந்தது. ஒருவர் என் தம்பி மனைவியின் வயிற்றில் இருந்தார். அவருக்காக வீடே தவித்தது. இன்னொருவர் எங்கோ ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மங்கலான புள்ளியாக இருந்தார். அவருக்காகத் தவித்தது நான் மட்டும்தான். இன்றைக்கு இரண்டையும் நினைத்துச் சிரிக்க முடிகிறது. அதனால்தான் எழுதவும் முடிகிறது.

நான் வானியல் ஆராய்ச்சி செய்கிறவள். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் இளம் கோள்களை நேரடியாகப் படம் பிடித்து, அவற்றின் எடையைக் கணக்கிடுவது என் வேலை. தெருவில் யாராவது கேட்டால் அம்மா, "எம் பொண்ணு நட்சத்திரத்துக்குப் பக்கத்துல கீறதுக்கு எட போடுதும்மா" என்பாள். கேட்டவர்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். இதற்கெல்லாமா சம்பளம் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருக்கும். நியாயமான கேள்விதான்.

தராசில் வைத்துப் போடுகிற எடை இல்லை அது. புதிதாக உண்டான கோள் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் மினுங்கும். காலம் போகப் போக ஆறி மங்கிவிடும். நமக்குக் கிடைப்பது அந்த வெளிச்சம் ஒன்றுதான். தம்பி வேலை செய்யும் கம்பி மில்லில் உலையிலிருந்து வந்த இரும்புத் துண்டுகள் சிவந்து கிடக்கும். ஒன்று சின்னத் துண்டு, இப்போதுதான் வெளியே வந்தது. ஒன்று பெரிய துண்டு, வந்து வெகுநேரம் ஆனது. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பாகத் தெரியலாம். எது எப்போது வெளியே வந்தது என்று தெரிந்தால்தான் எது பெரிது என்று சொல்ல முடியும்.

கோளுக்கும் அதே கதைதான். வயது தெரிந்தால்தான் எடை. என் புள்ளியின் தாய் நட்சத்திரம் மிக இளையது என்றால், புள்ளியின் எடை வியாழனைப்போல ஏழெட்டு மடங்கு வரும். அப்போது அது கோள். நட்சத்திரம் அதைவிட மூத்தது என்றால் அதே வெளிச்சத்துக்கு எடை இருபது மடங்கைத் தாண்டிவிடும். அப்போது அது கோள் இல்லை, பழுப்புக் குள்ளன். நட்சத்திரமாக எரிவதற்கு எடை போதாமல் பாதியில் நின்றுபோன ஒன்று. கோள் என்றால் செய்தித்தாளில் வரும். பழுப்புக் குள்ளன் என்றால் எங்கள் ஆட்களிலேயே நாலு பேர்தான் படிப்பார்கள். நான் கோள் என்றுதான் எழுதியிருந்தேன். கட்டுரையைப் பரிசீலித்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்: வயது எப்படித் தெரியும்?

அதற்குப் பதில் எழுதத்தான் அந்த மாசி மாதம் கும்மிடிப்பூண்டி வீட்டுக்கு வந்தேன். வீட்டில் இருந்தால் அம்மா சமைத்துப் போடுவாள், நான் உட்கார்ந்து எழுதலாம் என்று கணக்கு. தம்பி மனைவிக்கு அப்போது எட்டாவது மாதம். அவளுக்கு அம்மா இல்லாததால் தலைப்பிரசவத்துக்கும் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தவள். வாய் ஓயாது. நான் போனாலே "அண்ணி, அண்ணி" என்று கம்பெனிக் கதை முழுக்கக் கொட்டிவிடுவாள். அந்தத் தடவை தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். காரணத்தைத் தம்பிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

"கொழந்த எட கம்மியா கீதாம்க்கா. மாசத்துக்கு ஏத்த வளர்ச்சி இல்லியாம். ரெண்டு வாரம் கழிச்சி திரும்பப் பாப்பாங்களாம். அப்பவும் இப்படியே இருந்தா வலி வர வரைக்கும் வெச்சிகினு இருக்க முடியாது, ஒம்பதாவது மாசத்துலயே எடுத்துடணும்னு டாக்டரம்மா சொல்ட்டாங்க."

மூன்று வருடம் காத்திருந்து தங்கிய கரு அது. இந்த மூன்று வருடமும் அம்மா ஒவ்வோர் அமாவாசைக்கும் மருமகளைக் கூட்டிக்கொண்டு திருவள்ளூர்ப் பெருமாள் கோயிலுக்குப் போய்க் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வருவாள். ரயிலில் பேசின்பிரிட்ஜ் வரை போய், அங்கே வண்டி மாறி, திருவள்ளூரில் இறங்கி, கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பினால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். இப்போது எடை குறைவு என்று கேட்டதிலிருந்து அம்மா மருமகளுக்கு முட்டையும் ஈரலும் கேழ்வரகுக் கூழுமாக ஊட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளோ ஒவ்வொரு வாய்க்கும் அழப்போகிறவள்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் காகிதங்களைக் கொடுக்கச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி விழுந்தால் அதை முறைத்துப் பார்ப்பது எனக்குப் பழகிய வேலை. கீழே வாரங்கள், பக்கத்தில் எடை, வளைந்து ஏறும் கோடுகள். எங்கள் குழந்தை கடைசிக் கோட்டுக்கும் கீழே இருந்தது. ஐந்தாம் மாத ஸ்கேனையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதிலும் பின்தங்கித்தான் இருந்தது, ஏறக்குறைய அதே அளவு. இரண்டரை வாரம் போல.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சத்துப் போய்ச் சேராத குழந்தை என்றால் நாளாக நாளாக இன்னும் பின்தங்க வேண்டும். இது அப்படி இல்லை. கும்மிடிப்பூண்டி லோக்கல் சில நாள் லேட்டாகக் கிளம்பும். அதற்கப்புறம் ஒழுங்கான வேகத்தில்தான் ஓடும், முதலில் ஆன லேட் மட்டும் கடைசிவரை அப்படியே இருக்கும். இந்தக் குழந்தையும் ஒழுங்காகத்தான் வளர்ந்துகொண்டிருந்தது. கிளம்பிய நேரத்தைத்தான் யாரோ தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாக மாதவிலக்காகி வீட்டுக்குத் தூரமான நாளிலிருந்துதான் குழந்தையின் வயதை எண்ணுகிறார்கள். அம்மாவிடம் போய், "தேதி யாரும்மா சொன்னது?" என்று கேட்டேன்.

"நான்தான் சொன்னேன். ஆடி அமாவாச. வெல்லம்லாம் எடுத்து வெச்சி கெளம்பிகினு கீறேன், இவ நைட் ஷிப்ட் முடிச்சி வந்து ஊட்டுக்குத் தூரம்னு நிக்கிறா. அன்னிக்கு நான் மட்டும் தனியா போய் வந்தேன். அது மறந்துபூடுமா எனக்கு?"

மூன்று மாதம் முடியாமல் யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று அம்மா கட்டளை போட்டிருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போனதே நாலாவது மாதத்தில். முதல் ஸ்கேன் ஐந்தாவது மாதத்தில். அப்போதே டாக்டரம்மா, "தேதி உறுதியாத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா அமாவாசையைச் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு உறுதியான மாமியாரை எந்த டாக்டர்தான் சந்தேகப்படுவார்?

மறுநாள் மதியம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தம்பி மனைவி டேபிள் ஃபேனுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அமாவாச அன்னிக்குத்தான்னு உனக்கு நல்லாத் தெரியுமா?"

"அத்ததான் சொன்னாங்களே அண்ணி."

"அத்தைக்கா வந்துச்சு? உனக்குத்தானே வந்துச்சு?"

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று அவள் முகம் அப்படியே உடைந்து போயிற்று. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு எனக்குத் தூரமே இல்ல அண்ணி. நைட்டு முழுக்க நின்னுகினே வேல. காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. கம்பெனி பஸ்ஸ உட்டு எறங்கி ஊட்டுக்குள்ள வரேன், அத்த பையோட ரெடியா நிக்கிறாங்க. ஆடி அமாவாச கூட்டம், ரெண்டு ரயிலு. நெனச்சாலே பேஜாரா பூடுச்சு. வாயில வந்துடுச்சு அண்ணி. ஊட்டுக்குத் தூரம்னு சொல்ட்டேன். அத்த போனதும் படுத்தேன். அன்னிக்குத் தூங்குன மாதிரி நான் தூங்குனதே இல்ல."

"அப்ப நெஜமா எப்ப வந்துச்சு?"

"கொடி ஏத்துன அன்னிக்கு. ஆகஸ்ட்டு பதினஞ்சு. கம்பெனியில எல்லாரயும் வரிசையா நிக்க வெச்சி மிட்டாய் குடுத்தாங்க. வயித்து வலியில எனக்கு நிக்கவே முடியல. அத எப்படி மறப்பேன்?"

அதோடு முடியவில்லை. அன்று சாயந்திரம் அம்மா அவளை விளக்கேற்றச் சொல்லியிருக்கிறாள். இரண்டு வாரம் முன்னால்தான் தூரம் என்று சொன்னவள், மறுபடி எப்படிச் சொல்வாள்? குளித்துவிட்டுச் சாமி மாடத்துக்கு முன்னால் நின்று விளக்கை ஏற்றியிருக்கிறாள். மறுநாளும் ஏற்றியிருக்கிறாள். அதற்கடுத்த நாளும்.

"கோயிலுக்குப் போவாம பொய் சொன்னேன். தூரமா இருந்துகினு வெளக்கேத்துனேன். அதுக்கப்புறம் தூரமே ஆவல, தங்கிடுச்சு. அதான் பெருமாள் கொழந்தய வளர உடாம நிறுத்தி வெச்சிகீறாரு. அத்த முட்ட முட்டயா ஊட்டுறாங்க அண்ணி. ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு உள்ள அறுக்குது."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் சட்டென்று நிறுத்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பெருமாளு ஒண்ணும் நிறுத்தல. கொழந்த எட கம்மி இல்ல. வயசுதான் கம்மி. அம்மா சொன்ன தேதிக்கு அது சின்னது. நீ சொல்ற தேதிக்குச் சரியா கீது."

காகிதத்தில் புள்ளியை இரண்டரை வாரம் இடப்பக்கம் நகர்த்திக் காட்டினேன். நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் மற்ற குழந்தைகளோடு சேர்ந்து, அது பாட்டுக்கு உட்கார்ந்தது. அவள் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. இந்தத் தேதி தப்பு என்று டாக்டரிடம் யாரும் சொல்லாவிட்டால்? ஒன்பதாம் மாதம் என்று நினைத்து எடுப்பார்கள். குழந்தைக்கு எட்டாம் மாதம்தான் நடந்துகொண்டிருக்கும். நன்றாக இருக்கிற குழந்தையைக் காப்பாற்றுகிறோம் என்று அவசரப்பட்டு வெளியே இழுத்துவிடுவார்கள். அதை அவளிடம் சொன்னதும் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிடலாம் அண்ணி. ஆனா அத்தைக்கு மட்டும் தெரிய வாணாம்."

அம்மாவுக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர்கூட மாற்ற முடியாது. மறுநாள் காலையில் சும்மா வெளியே போய்விட்டு வருகிறோம் என்று ஆரம்பித்தேன். "ஆஸ்பத்திரிக்குத்தானே? நாஷ்டா துன்னுட்டுக் கெளம்புங்க, நானும் வரேன்" என்று புடவை மாற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மாவின் அறையில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நான்தான் தொடங்கினேன். தேதியில் ஒரு சந்தேகம் இருக்கிறது, இரண்டு ஸ்கேனுக்கும் நடுவில் வளர்ச்சி சரியாக இருக்கிறதே என்று இழுத்தேன்.

அம்மா குறுக்கே பாய்ந்தாள். "இன்னாடி சந்தேகம்? ஆடி அமாவாச. எனக்குத் தெரியாதா? நட்சத்திரத்தப் பாக்கறவ நட்சத்திரத்தப் பாரு."

நான் வாயை மூடிக்கொண்டேன். இதற்குமேல் சொல்ல வேண்டியது என்னுடையது இல்லை. பிறகு தம்பி மனைவி, டாக்டரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இல்ல மேடம். அமாவாச அன்னிக்கு நான் பொய் சொன்னேன். கோயிலுக்குப் போவ முடியாம. ஆகஸ்ட்டு பதினஞ்சுதான் நெஜம்."

டாக்டரம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். "இப்ப நான் எதை எடுத்துக்கிறது?" என்று கேட்டார்.

அம்மாவின் முகத்தை நான் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் யாருடைய கல்யாணம் எந்த மாதம், யார் வீட்டுக் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டால் பட்டென்று சொல்கிறவள். அந்த ஞாபகசக்தியில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அவள் பையின் வாரை இரண்டு முறை சரிசெய்தாள்.

"அவ சொல்றதயே எழுதிக்கோங்கம்மா. எனக்கு வயசாவுது. மறதி" என்றாள்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். தனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததாகவும், குழந்தையைச் சுற்றியிருக்கிற நீரும் ரத்த ஓட்டமும் நன்றாக இருந்ததால் யோசித்ததாகவும், தேதி அவ்வளவு உறுதி என்றதால் குழந்தையை வைத்துப் பரீட்சை பார்க்க மனம் வரவில்லை என்றும் சொன்னார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன். இதே வேகத்தில் வளர்ந்தால் பயமே இல்லை, அது தானாக வரும்போது வரட்டும் என்றார். வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் கரும்புச் சாறு வாங்கி மூன்று பேரும் குடித்தோம்.

அன்று சாயந்திரம் என் கட்டுரையை எடுத்தேன். என் நட்சத்திரத்தின் வயதை நான் அளக்கவில்லை. முன்னால் எழுதியவரிடமிருந்து எடுத்தேன். அவர் யாரிடமிருந்து எடுத்தார் என்று தேடிக்கொண்டு போனேன். அவரும் இன்னொருவரிடமிருந்து. அந்த இன்னொருவர், இந்த நட்சத்திரம் ஓர் இளம் நட்சத்திரக் கூட்டம் போகிற திசையிலேயே போகிறது, ஆகவே இதுவும் அந்தக் கூட்டத்தோடு பிறந்ததாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். இருக்கலாம் என்றுதான் எழுதியிருந்தார். கைமாறிக் கைமாறி என்னிடம் வரும்போது அது ஆடி அமாவாசை ஆகிவிட்டது. தலைப்பிலிருந்து கோள் என்ற சொல்லை எடுத்தேன். இரண்டு வயதுக்கும் இரண்டு எடையையும் எழுதி, உண்மை எதுவென்று தெரியாது என்று ஒரு வரி சேர்த்தேன். மனதுக்கு அவ்வளவு லேசாக இருந்தது.

அடுத்த ஸ்கேனில் குழந்தை வளர்ந்திருந்தது. புதிய தேதிக்கு ஏற்ற வளர்ச்சிதான். அம்மா முட்டையை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் மருமகளிடம் தேவைக்கு மேல் பேசவும் இல்லை. கோபம் என்று சொல்ல முடியாது. எதையோ மென்றுகொண்டிருப்பவள்போல இருந்தாள். எடை பற்றிய பயம் போன பிறகும் அந்தப் பெண்ணின் முகம் முழுதாகத் தெளியவில்லை. விளக்கேற்றும் நேரம் வந்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுவாள்.

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, கொடியேற்றிய நாளிலிருந்து எண்ணிய கணக்குக்கு ஒட்டியே வலி வந்தது. பெண் குழந்தை. நர்ஸ் தராசில் வைத்துவிட்டு வந்து, "ரெண்டு கிலோ தொள்ளாயிரம்" என்றார். தம்பி காது கேளாதவன்போல இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் அழுதேன், எனக்கு என்ன வெட்கம்? தராசு யாருடைய வயதையும் கேட்பதில்லை.

எங்கள் தொழிலிலும் வயதைக் கேட்காத ஒரு வழி உண்டு. பக்கத்தில் கனமாக ஏதாவது சுற்றினால் தாய் நட்சத்திரம் லேசாகத் தள்ளாடும். பல வருடங்களுக்கு முன்னால் அளந்த அதன் போக்கையும் இப்போதைய போக்கையும் ஒப்பிட்டால் அந்தத் தள்ளாட்டம் தெரியும். அதை வைத்து எடை போடலாம். என்னோடு வேலை செய்கிறவர்கள் அந்தக் கணக்கைப் போட்டு அனுப்பினார்கள். என்னுடையது பழுப்புக் குள்ளன். அம்மாவிடம் சொன்னேன்.

"கோளு இல்லியா? போவட்டும். அது நல்லா கீதா?"

நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

தீட்டெல்லாம் கழிந்த பிறகு வந்த முதல் அமாவாசையன்று காலையில் அம்மா வெல்லத்தைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினாள். தம்பி மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின இரவு முழுக்கக் குழந்தை அவளைத் தூங்க விடவில்லை. ஆனாலும் எழுந்து நின்றாள்.

"நானும் வரேன் அத்த."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "கொடி ஏத்துன அன்னிக்கு நீதானே வெளக்கேத்துன?"

அவள் முகம் வெளுத்துப் போயிற்று. "ஆமா அத்த."

"அணையாம எரிஞ்சுதா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. இனி அம்மாவிடம் தப்பாக எதையும் சொல்லக்கூடாது என்ற கவனம் அந்த முகத்தில் இருந்தது. "எரிஞ்சுது அத்த. எண்ண தீர்ற வரைக்கும் எரிஞ்சுது."

"அப்புறம் இன்னா?" என்றாள் அம்மா. "காலு நோவுதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நானே படுடின்னு சொல்லியிருப்பேன். போய்ப் படு. கொழந்தய உன் நாத்தனா பாத்துக்குவா."

கதவைச் சாத்திக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். தம்பி மனைவி ஃபேனுக்கு நேராகப் பாயை விரித்துப் படுத்தாள். அம்மா திருவள்ளூரிலிருந்து திரும்பி வந்து கதவைத் தட்டும் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.